பிள்ளையின் சொல் பிள்ளையின் மொழியிலேயே பதிவாக வேண்டும்

(பெங்களூரில் நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் நமக்கு ஓய்வு. துணி துவைக்க, ரேஷன் வாங்க, ஊருக்குப் பேச என்று அந்த ஒரு நாளுக்கும் நூறு வேலை காத்துக்கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு இத்தனை தாய்மார்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நோட்டீசில் கண்ட விஷயம் உங்கள் நெஞ்சை அறுத்திருக்கிறது என்றே கொள்கிறோம். செல்போன் வழியாகப் பிள்ளைகளை வேட்டையாடும் கயவர்களைப் பற்றியும், அவர்களைப் பிடிக்கப் போலீஸ் எவ்வாறு வேலை செய்கிறது, எந்த இடத்தில் அந்த வேலை நின்றுபோகிறது என்பதைப் பற்றியும், தமிழ்த் தொழிலாளர்களாகிய நாம் அதில் செய்யக்கூடியது என்ன என்பதைப் பற்றியும் பேச முன்வந்திருக்கிறோம்.

2018ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி இதே பெங்களூரில், சாமராஜபேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞர் ஒருவரை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது, அவருக்கு இந்த ஊர் மொழி தெரியவில்லை, அவ்வளவுதான். அதே மாதத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயில் கும்பிட வந்த சென்னை மூதாட்டி ஒருவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டு இடத்திலும் வதந்தியைப் பரப்பிய கருவி செல்போன். இரண்டு இடத்திலும் செத்தது வெளியூர்க்காரர்.

இதை ஏன் சொல்கிறோம்? பிள்ளைகளைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் தவறான ஆளின் மேல் பாய்ந்தால், நாளைக்கு அடிபடுகிறவர் நம்மில் ஒருவராகவே இருக்கலாம். காவிரித் தகராறில் 1991 டிசம்பரில் இந்த ஊரில் நாம் பட்டதை மறக்க முடியுமா? வெளியூர்க்காரன் என்றாலே சந்தேகம் என்ற மனோபாவத்தை நாமும் சேர்ந்து வளர்க்கலாகாது. அதிலும் ஒரு பெரிய வேடிக்கை இருக்கிறது. தெருவில் போகிற அந்நியனை நாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனிக்கிறோம். உண்மையான பிள்ளை பிடிப்பவனோ தெருவழியாக வருவதில்லை. நாம் ரீசார்ஜ் செய்துகொடுத்த போனின் வழியாக, நம் பாயிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் போனில் என்றார்கள். வட்டிக்கு வாங்கியாவது ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். வேறு வழி? பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அம்மா பீன்யாவிலோ பொம்மனஹள்ளியிலோ கார்மெண்ட்ஸ் ஷிப்டில். அல்லது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அப்பா கட்டட வேலையில், சரக்கு வண்டியில், காய்கறி மண்டியில். வீட்டில் இருப்பது பிள்ளையும் போனும்தான். ‘போனைக் கொடுத்தது தாயின் தவறு’ என்று மேடையில் உபதேசம் செய்கிறவர்கள், எட்டு மணி நேர வேலையும் நாலு மணி நேரப் பேருந்துப் பயணமுமாக இருக்கும் அந்தத் தாய்க்குப் பதிலாகப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கயவன் எப்படி வருகிறான்? விளையாட்டு வழியாக வருகிறான். போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடும் பையனுக்கு விளையாட்டுக்குள் செல்லுபடியாகும் வைரமோ காசோ வாங்கித் தருகிறேன் என்கிறான். பெண் பிள்ளையிடம் பெண்ணின் பெயரில், பெண்ணின் படம் போட்ட கணக்கிலிருந்து பேசுகிறான். சில நாள் அன்பாக விசாரிக்கிறான்: சாப்பிட்டாயா, டீச்சர் திட்டினார்களா, அம்மா வர எத்தனை மணி ஆகும். கடைசிக் கேள்வியை மட்டும் கவனியுங்கள். பிறகு, எல்லோரும் பார்க்கும் இடத்திலிருந்து தனியாகப் பேசும் இடத்துக்கு அழைக்கிறான். ஒரு படம் கேட்கிறான். அந்த ஒரு படம் கிடைத்த நிமிடத்திலிருந்து அவன் குரல் மாறிவிடுகிறது. ‘இன்னொன்று அனுப்பு, இல்லாவிட்டால் இதை உன் அப்பாவுக்கு அனுப்புவேன், பள்ளிக்கூடக் குரூப்பில் போடுவேன்.’

இங்கேதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கயவன் கையில் துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை. பெரும்பாலும் அவன் இந்த ஊரிலேயே இல்லை. அவனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் ‘அப்பாவிடம் சொல்லிவிடுவேன்’ என்ற சொல்தான். அந்த ஆயுதத்துக்குச் சாணை பிடித்துக் கொடுத்தது யார்? அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கும், போன் உடையும், ஊருக்கு அனுப்பி மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று அந்தப் பெண் நம்புகிறாள். அவள் அப்படி நம்புவதற்கு நம் தெருக்களில் காரணம் இருக்கிறதா, இல்லையா? அதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறோம். பையன்களுக்கும் இதே கதிதான். ஆண்பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். 2012இல் வந்த போக்சோ சட்டம் 18 வயது நிறையாத ஆண், பெண் இருவரையும் ஒன்றாகவே காக்கிறது.

ஏழைப் பிள்ளைகளை எதைக் காட்டி வளைக்கிறார்கள் என்பதற்கு வடக்கே ஒரு வழக்கு இருக்கிறது. 2020 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் பாசனத் துறை இளநிலைப் பொறியாளர் ஒருவரை சி.பி.ஐ. கைது செய்தது. பத்தாண்டுக் காலத்தில் சுமார் 50 பிள்ளைகளை நாசம் செய்து, அதைப் படமெடுத்து இணையத்தில் விற்றார் என்பது குற்றச்சாட்டு. பணமும் செல்போன் போன்ற சாமான்களும் காட்டித்தான் பிள்ளைகளை இழுத்தார் என்று சி.பி.ஐ. கூறியது. அரசாங்கச் சம்பளம், ஊரில் மரியாதை, எல்லாம் இருந்த மனிதர். ராஜஸ்தான் கூலி இளைஞரை அடித்துக் கொன்றவர்கள் இப்படிப்பட்டவருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருப்பார்கள்.

சரி, போலீஸ் இவர்களை எப்படிப் பிடிக்கிறது? இந்த வேலை பெரும்பாலும் நம் ஊர் ஸ்டேஷனில் தொடங்குவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது அமெரிக்காவில் தொடங்குகிறது.

பேஸ்புக், கூகிள் போன்ற கம்பெனிகளின் கணினிகள், ஏற்கெனவே பிடிபட்ட குழந்தை வன்கொடுமைப் படங்களின் ‘கைரேகை’யை வைத்துக்கொண்டு, தங்கள் வழியே போகும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. படத்தையே கணக்காக மாற்றி ஒரு நீண்ட எண்ணாக வைத்திருப்பார்கள். அதுதான் அந்தக் கைரேகை. எண் பொருந்தினால் அந்த நாட்டுச் சட்டப்படி, காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் என்ற அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த மையத்தோடு நம் நாட்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அது முதல், இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்ட படம் என்று தெரிந்தால் தகவல் டில்லிக்கு வருகிறது, டில்லியிலிருந்து மாநிலத்துக்கு, மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, கடைசியில் ஒரு காவல் நிலையத்துக்கு.

இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் சென்னை அம்பத்தூர். 2020 ஜனவரியில் இப்படி ஒரு தகவல் தமிழ்நாட்டுப் போலீசின் மேலிடத்திலிருந்து அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தது. ஓர் இளைஞரின் போனைக் கைப்பற்றி ஆய்வுக்கு அனுப்பினார்கள். இரண்டு வீடியோ இருந்தது. 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், தனியாக வைத்துப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. இத்தகைய படத்தை அழிக்காமல், போலீசுக்கும் தெரிவிக்காமல் போனில் வைத்திருப்பவர் அதைப் பிறருக்குக் கொடுக்கும் எண்ணத்தோடு வைத்திருக்கிறாரா என்பதைச் சூழ்நிலையைக் கொண்டே முடிவு செய்யலாம் என்று விளக்கியது. இனி இதைக் ‘குழந்தை ஆபாசம்’ என்ற பெயரால் அழைக்காதீர்கள் என்றும் நீதிமன்றங்களுக்குச் சொன்னது. பிள்ளை எந்த ஆபாசமும் செய்யவில்லை. அது பிள்ளைக்கு இழைத்த வன்கொடுமையின் பதிவு. நாமும் அந்தப் பழைய சொல்லை விட்டுவிடுவது நல்லது.

2023ஆம் ஆண்டில் மட்டும் அந்த அமெரிக்க மையத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்த தகவல்கள் 3 கோடியே 62 லட்சம். அதில் இந்தியாவைச் சேர்ந்தவை ஏறத்தாழ 89 லட்சம், நாடுகளில் முதலிடம். ஒவ்வொரு தகவலும் ஒரு புதுக் குற்றவாளியல்ல. ஒரே படம் ஆயிரம் பேர் கைமாறினால் அத்தனையும் கணக்கில் ஏறும். 2024இல் இந்த எண்ணிக்கை 2 கோடியே 5 லட்சமாக இறங்கியது. குற்றம் குறைந்ததால் அல்ல. பல தகவல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் முறை வந்தது. அதோடு, அனுப்பியவரையும் பெறுபவரையும் தவிர வேறெவரும் பார்க்க முடியாதபடி செய்திகளைப் பூட்டி அனுப்பும் ஏற்பாட்டைக் கம்பெனிகள் விரிவாக்கின. அந்தப் பூட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சங்கம் கட்டுகிற தொழிலாளிக்கும் பூட்டிய கடிதம் வேண்டும். ஆனால் விளம்பரத்தைக் காட்டக் கணக்கில்லாமல் மூளையைச் செலவிடும் கம்பெனிகள், முன்பின் தெரியாத ஆள் ஒரு சிறுமிக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவதைத் தடுக்க அதில் எத்தனை பங்கைச் செலவிடுகின்றன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இத்தனை லட்சம் தகவலில் போலீஸ் தேடுவது எதை? ஏற்கெனவே சுற்றிய பழைய படத்தையல்ல. இதுவரை யாரும் பார்க்காத புதிய படத்தை. புதிய படம் என்றால் எங்கோ ஒரு பிள்ளை இன்றைக்கும் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இண்டர்போலில் இதற்கென்றே ஒரு படக் களஞ்சியம் உண்டு. அதிகாரிகள் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. பின்னால் தெரியும் சுவிட்ச் போர்டு, பள்ளிச் சீருடை, காலண்டர், பின்னணியில் கேட்கும் மொழி எல்லாவற்றையும் துருவுகிறார்கள். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் 2017 முதல் இத்தகைய பொருள்களின் படத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பொதுமக்களிடம் காட்டி, இது எந்த ஊர்ச் சாமான் என்று கேட்டு வருகிறது. 2022 செப்டம்பரில் சி.பி.ஐ. ‘மேக சக்கரம்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் 59 இடங்களைச் சோதனையிட்டதற்குத் துப்பு, நியூசிலாந்துப் போலீசிடமிருந்து இண்டர்போல் வழியாக வந்தது. 2023 மார்ச்சில் நம் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர் கைதானதும் இண்டர்போல் களஞ்சியத்தின் துப்பினால்தான். நாள்தோறும் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டியிருக்கும் அதிகாரிகளின் மனநிலையையும் நினைத்துப் பாருங்கள். போலீசைக் குறை சொல்ல நமக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் இது சுலபமான வேலையல்ல.

இவ்வளவு தூரம் கடந்து வரும் துப்பு நம் வீட்டு வாசலில் வந்து அறுந்துபோகிறது. எப்படி? கணினி காட்டுவது ஓர் இணைய இணைப்பின் எண்ணை. அதைக் கொண்டு டெலிபோன் கம்பெனியிடம் கேட்டால் கிடைப்பது சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்பது. நம் ஆட்களோ, ஊரிலிருந்து புதிதாக வந்த பையனுக்கு ஆதார் இல்லை என்று தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர், ஒருவனுடைய ஹாட்ஸ்பாட்டில் ஏழு பேர். யாரோ செய்த குற்றத்துக்குப் போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது சிம் கார்டின் சொந்தக்காரனைத்தான். தயவுசெய்து உங்கள் பெயரில் இருக்கும் சிம்மைப் பிறர் கையில் விடாதீர்கள்.

இன்னொன்று, குரூப்புகளில் வருவது. ‘இந்தப் பாவியைப் பிடிக்கும் வரை பகிருங்கள்’ என்று ஒரு பிள்ளையின் கொடுமையை வீடியோவாக அனுப்புகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் நீங்களும் தள்ளிவிடுகிறீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்களும் அந்தப் படத்தைப் பரப்பியவர். அந்தப் பிள்ளைக்கோ, ஒவ்வொரு முறை அது கைமாறும்போதும் மறுபடி ஒரு கொடுமை. வந்தால் போலீசுக்குத் தெரிவியுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். இதைத் தெரிவிப்பதற்கு இன்றைக்கு ஒரு தேசியப் புகார் இணையதளம் இருக்கிறதென்றால் அதுவும் தானாக வந்ததல்ல. 2015இல் ஐதராபாத் பிரஜ்வலா அமைப்பின் சுனிதா கிருஷ்ணன், வாட்ஸ்அப்பில் சுற்றிய பலாத்கார வீடியோக்களைப் பற்றி உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் வழக்காகி, அதன் விளைவாக 2018இல் வந்த ஏற்பாடு அது. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட குற்றத்தை அதில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.

பெயர் என்றதும் பொள்ளாச்சி நினைவுக்கு வருகிறது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் இளம்பெண்கள்; ஆனால் தந்திரம் இதே தந்திரம்தான்: பழகு, படமெடு, மிரட்டு. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். என்ன நடந்தது? மாவட்டப் போலீஸ் உயர் அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாங்க உத்தரவிலும் பெயர் வந்தது. மதுரைக் கிளை நீதிமன்றம் அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெயர் வெளிவந்ததைப் பார்த்து எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்! ஆயினும் சில பெண்கள் கடைசிவரை உறுதியாக நின்றார்கள். போன்களிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் எடுத்த சாட்சியங்கள் அவர்களுக்குத் துணை நின்றன. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் ஆயிற்று.

இனி நமது விஷயத்துக்கு வருகிறோம்.

சில காலத்துக்கு முன் நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு தாயுடன் ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தோம். எந்தத் தெரு, எந்த நிலையம், பிள்ளைக்கு என்ன வயது என்று எதையும் சொல்லமாட்டோம்; நீங்களும் கேட்காதீர்கள். பிள்ளை யாரென்று கண்டுகொள்ளும்படி எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: ‘படம் கேட்டான். மாட்டேன்னு சொன்னேன். எங்க அம்மா வேலை செய்யற வீட்டுக்குச் சொல்லி வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டினான். அப்புறம்தான் அனுப்பினேன்.’ எதிரே இருந்த எழுத்தருக்குக் கொஞ்சம் தமிழ் புரியும், எழுதியது கன்னடத்தில். எழுதி முடித்துத் தாயிடம் நீட்டி, ‘சைன் மாடி’ என்றார். அவரும் பேனாவை வாங்கிவிட்டார். கன்னடப் பள்ளியில் படித்த நம் தோழர் ஒருவர் கூட இருந்ததால், ஒரு நிமிடம் என்று வாங்கிப் படித்தார். அதில், பையன் படம் கேட்டான், பெண் அனுப்பினாள் என்று மட்டும் இருந்தது. ‘மாட்டேன்’ இல்லை. ‘மிரட்டினான்’ இல்லை.

அந்த எழுத்தர் கெட்டவர் அல்ல. காலையிலிருந்து வேலை செய்து களைத்துப்போன மனிதர். எடுத்துச் சொன்னதும் மாற்றி எழுதிக்கொடுத்தார். ஆனால் தோழர்களே, அந்த இரண்டு சொற்கள் இல்லாமல் அந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போக்சோ சட்டத்தின் 11ஆவது பிரிவு, படத்தை வெளியிடுவேன் என்று பிள்ளையை மிரட்டுவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. மிரட்டலைப் பிள்ளை முதல் நாளே சொல்லியிருந்தும், ஒரு வருஷம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது, ‘அப்போது சொல்லாததை இப்போது சேர்த்துச் சொல்கிறாய்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கியிருப்பார். அமெரிக்காவிலிருந்து டில்லி வந்து, டில்லியிலிருந்து பெங்களூர் வந்து சேரும் இத்தனை பெரிய இயந்திரம், ஒரு மேசையின் மேல், இரண்டு தமிழ்ச் சொற்கள் கன்னடமாகாமல் போனதால் வீணாகியிருக்கும்.

இது கன்னடத்தோடு சண்டையல்ல. கன்னடம் இந்த மாநிலத்தின் மொழி. நம் பிள்ளைகள் அதை நன்றாகக் கற்க வேண்டும் என்பதே நம் கொள்கை. கன்னடத்தில் எழுதட்டும். பிள்ளை சொன்னதை எழுதட்டும் என்பதுதான் கோரிக்கை. இதையே சட்டமும் சொல்கிறது. போக்சோ 19ஆவது பிரிவைப் பாருங்கள்: பிள்ளைக்குப் புரியாத மொழியில் பதிவு நடக்கிறது என்றால், பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும். ‘தரலாம்’ என்று அல்ல, ‘தர வேண்டும்’ என்று இருக்கிறது. 24ஆவது பிரிவின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும்; கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, போலீஸ் உடுப்பில்லாமல் வந்து வாங்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் ஆளோ கூட இருக்கலாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லும் உரிமையும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமையும் உண்டு. ‘இது எங்கள் எல்லை அல்ல, வேறு ஸ்டேஷனுக்குப் போ’ என்று அனுப்பக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டம், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதிவு செய் என்கிறது. புகாரைப் பதியாத போலீஸ்காரருக்கே போக்சோவில் ஆறு மாதம்வரை சிறை உண்டு.

இந்தியாவின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001இல் தொடங்கியது இந்தப் பெங்களூரில்தான். நகரில் சைபர் குற்றங்களுக்கென்றே தனி நிலையங்கள் உண்டு. கணினிச் சட்டப்படியான வழக்கை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும் என்பதால், பக்கத்து ஸ்டேஷனில் கொடுத்த புகாரும் சில சமயம் அங்கே போகும். போகட்டும், பக்கத்து ஸ்டேஷனில் பதிவாகிவிட்டதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பிள்ளை அழுதுகொண்டிருந்தால் என்ன செய்வது என்று வாசலில் ஒரு தாய் கேட்டார். அடிக்காதீர்கள், போனைத் தூக்கி எறியாதீர்கள். போன்தான் சாட்சி. ஒன்றையும் அழிக்க வேண்டாம். மிரட்டிய செய்தி, கணக்கின் பெயர், எண், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள், அண்ணன் தம்பிக்குக்கூட அனுப்பாதீர்கள். அவன் கேட்ட பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் 1930 எண்ணில் உடனே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098. அவசரம் என்றால் 112. போலீஸ் போனை வாங்கும்போது பட்டியலிட்டு ரசீது கேளுங்கள். அது மடிவாளாவில் உள்ள தடய அறிவியல் ஆய்வகம்வரை போய்த் திரும்ப நாளாகும். வேலைக்குக் கூப்பிடுகிற மேஸ்திரியின் எண், சம்பளம் வருகிற கணக்கு எல்லாம் அந்தப் போனில்தானே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. அந்த நாட்களுக்கு வேறு போன் ஒன்று கொடுத்து உதவுவது சங்கத்தின் பொறுப்பு என்று செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

படம் பரவிவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு வழி உண்டு. முன்னே சொன்ன அமெரிக்க மையம் ‘டேக் இட் டவுன்’ என்று ஓர் இலவச ஏற்பாட்டை நடத்துகிறது. படம் நம் போனை விட்டு வெளியே போவதில்லை. அதன் கைரேகை மட்டும் போகிறது. அதைக் கொண்டு, சேர்ந்திருக்கும் கம்பெனிகள் படத்தைத் தேடி நீக்குகின்றன. எல்லா இடத்திலும் நீங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பிள்ளையின் முகத்தை ஒட்டிச் செய்த பொய்ப் படமாக இருந்தாலும் பயப்படாமல் புகார் கொடுங்கள். அசல் போலவே தோன்றும், கணினியில் செய்த படத்தையும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது.

இடையில் ஒரு வார்த்தை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்தால், சாதி வேறு என்ற கோபத்தில் இதே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிற பெற்றோரும் உண்டு. அதற்குச் சங்கம் துணை வராது.

கடைசியாக, ஒரு வேலை இருக்கிறது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு, மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். போலீசும் நீதிமன்றமும் அதிலிருந்து ஆளைக் கூப்பிடலாம். அதற்குக் கூலியும் உண்டு. யார் அதில் சேரலாம் தெரியுமா? பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் மொழியும் மாநிலத்தின் மொழியும் தெரிந்திருந்தால் போதும். அந்த அறிவு தாய்மொழியாக வந்திருக்கலாம். ஆரம்பப் பள்ளிவரை படித்ததால் வந்திருக்கலாம். தொழில் செய்ததாலோ, அந்த மொழி பேசும் ஊரில் குடியிருந்ததாலோ வந்திருக்கலாம் என்று விதி சொல்கிறது. ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்த நம் பெண்கள், அல்சூரில் இருபது வருஷம் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் இதற்குத் தகுதியானவர்கள். பாரபட்சம் இல்லாமல், கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்; வழக்கில் சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு உறவு என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; கேட்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. முக்கியமாகப் பெண்கள் வேண்டும். ஒரு சிறுமி இந்தக் கதையை ஓர் அக்காவிடம் சொல்வதுபோல ஆண்பிள்ளையிடம் சொல்லமாட்டாள்.

பெங்களூர் நகர மாவட்டப் பிரிவுக்கு நாம் கொடுக்கப்போகும் மனுவில் மூன்று கேட்கிறோம். அந்தப் பதிவேட்டில் தமிழ் தெரிந்தவர்களின் பெயர்களைச் சேர்த்து அதை ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் உரிமை உண்டு என்பதை நிலையங்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, வங்காளம், ஒடியா மொழிகளில் எழுதி ஒட்ட வேண்டும்; பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நேற்று வந்தவனின் பிள்ளையும் பிள்ளைதான். கார்மெண்ட்ஸ் பகுதிகளில் மாலை ஷிப்டு முடியும்வரை பிள்ளைகள் இருக்க ஓர் இடம் வேண்டும். மூன்றாவது போலீசின் வேலையல்ல என்று சொல்வார்கள். போலீசின் வேலை பாதியாகக் குறைவது அதனால்தான் என்று நாம் பதில் சொல்வோம்.

மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவர்கள் பெயர், விலாசம், எந்த நேரத்தில் வர முடியும் என்பதை எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். மனுவுடன் அந்தப் பட்டியலும் இந்த மாதமே போக வேண்டும்.